கொடைக்கானலில் துறவி நண்டுத் தொட்டி: பழுது பார்த்த குறிப்புகள்

நாயுடுபுரத்தில் அக்கா வீட்டில் மூன்று துறவி நண்டுகள் இருக்கின்றன. காலியான நத்தைக் கூட்டுக்குள் உடம்பை நுழைத்து, அதைச் சுமந்துகொண்டே திரியும் நண்டு இது. கடற்கரைப் பக்கம் சுற்றுலா போன உறவினர் ஒருவர் அக்கா மகனுக்குப் பரிசாக வாங்கி வந்துவிட்டார். நண்டோடு சேர்த்து விற்ற செட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி, கம்பிவலை மூடி, அதன்மேல் 60 வாட் பல்பு, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வண்ணக் கூழாங்கல், ஒரு பஞ்சு. அவ்வளவுதான். நண்டுகள் நாள் முழுக்க ஓட்டுக்குள்ளேயே கிடக்கின்றன, குளிர் தாங்கவில்லை போல, இன்னும் பெரிய பல்பாகப் போட்டுக்கொடு என்று அக்கா கூப்பிட்டாள். கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர், கீசர், ரூம் ஹீட்டர் எல்லாம் பழுது பார்ப்பது என் பிழைப்பு. நண்டுக்கு ஹீட்டர் என்பது புதுசு.

தொட்டியைத் தொடுவதற்கு முன்னால் நண்டைப் பார்க்க வேண்டும். உலகத்தில் துறவி நண்டு வகைகள் 800க்கு மேல் உண்டு. பெரும்பாலானவை கடலுக்குள்ளேயே வாழ்பவை. கடற்கரையில் பிடித்து விற்பவர்கள் இந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. இரண்டு கொடுக்கும் ஒரே அளவாக, காலில் நீளக் கோடுகளோடு இருந்தால் அது பெரும்பாலும் அலையோரத்துக் கடல் இனம். அதற்குக் கடல்நீர்த் தொட்டிதான் வேண்டும், ஈரக்காற்று போதாது. அக்கா வீட்டில் இருப்பவற்றுக்கு இடது கொடுக்கு மட்டும் பெரியது. தொட்டால் உள்ளே ஒடுங்கி அந்தக் கொடுக்கையே கதவாக வைத்து ஓட்டின் வாயை அடைத்துக்கொள்கின்றன. கண்காம்பு பக்கவாட்டில் தட்டையாக இருக்கிறது. மூன்றும் நில இனம். கோயனோபைட்டா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு 24 முதல் 29 டிகிரி வரை வெப்பம், 75 சதவீதத்துக்குக் குறையாத காற்று ஈரம், முழுக முடிகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், உப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம், புதைந்துகொள்ள ஆழமான மணல் இவை எல்லாம் வேண்டும். அந்த செட்டில் இதில் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை.

வெப்பமானி வைத்துப் பார்த்தேன். பல்புக்கு நேர் கீழே 33 டிகிரி, மூலையில் 17. ஈரமானியில் 35. அன்றைக்கு வெளியே ஏரிச்சாலை தெரியாத அளவுக்கு மூடுபனி. “ஊரே ஈரமா கிடக்கு, துணி காய மாட்டேங்குது, உள்ளே எப்படிடா காயும்?” என்றாள் அக்கா. நியாயமான கேள்வி. மலையில் சூடான பெட்டி எதைச் செய்தாலும் முதலில் இங்கேதான் மாட்டிக்கொள்ளும், இன்குபேட்டரும் இப்படித்தான். 10 டிகிரியில் பனி இறங்கும் அளவுக்கு நிறைந்த காற்று, ஒரு கன மீட்டருக்கு 9 கிராம் சொச்சம்தான் நீராவி வைத்திருக்கும். அதே காற்றை 27 டிகிரிக்குக் கொண்டுபோனால் 25 கிராமுக்கு மேல் தாங்கும். உள்ளே இருக்கும் நீராவி கூடவே இல்லை, தாங்கும் அளவு மட்டும் ஏறிவிட்டது. 100 காட்டிய மீட்டர் அதனால்தான் 35க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மேலே கம்பிவலை வேறு. சூடான காற்று ஏறி வெளியே போகப் போக, வறண்டுபோகப் போகிற குளிர்காற்றுதான் உள்ளே வந்துகொண்டிருக்கும். பெரிய பல்பு போட்டால் இன்னும் சீக்கிரம் காயும்.

நண்டுக்கு இது சாதாரண அசௌகரியம் இல்லை. நிலத்தில் நடந்தாலும் அது மூச்சு விடுவது செவுள் வழியாக. செவுள் காய்ந்தால் மூச்சு முட்டும். சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரைச் சுமந்துகொண்டே திரிவது இதற்காகத்தான். ஆக, அக்கா குளிர் என்று நினைத்தது பாதி குளிர், பாதி வறட்சி. இரண்டில் வறட்சிதான் முதலில் கொல்லும் என்பது என் கணிப்பு.

ஈரமானியை நம்பலாமா என்று முதலில் சோதித்துவிடுவது நல்லது. இந்தச் சின்ன டிஜிட்டல் மீட்டர்கள் ஐந்து, பத்து சதவீதம் தப்பாகக் காட்டுவது சகஜம். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும் வரை மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு அறைக்குள் வைத்தால் போதும். ஈர உப்புக்கு மேலே உள்ள காற்று 75 சதவீதத்தில் நிலைத்துவிடும். இது உப்பின் குணம், மீட்டரின் குணம் இல்லை. காலையில் மீட்டர் 69 காட்டினால், எப்போதும் 6 கூட்டிப் படிக்க வேண்டும் என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடலாம். அக்கா வீட்டு மீட்டருக்கு அப்படித்தான் ஒட்டியிருக்கிறது.

பழைய தொட்டி மிகச் சின்னது. என் பட்டறையில் கிடந்த மீன் தொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். நீளம் 60, அகலம் 30, உயரம் 38 செ.மீ. ஒரு மூலையில் கசிவு இருந்தது. பழைய சிலிக்கானைப் பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, பூஞ்சைக்கொல்லி கலக்காத சாதா சிலிக்கான் போட்டு ஆறவிட்டேன். பாத்ரூமுக்கு விற்கும் சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி இருக்கும், அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கம்பிவலைக்குப் பதில் இரண்டு துண்டுக் கண்ணாடி மூடி. காற்றோட்டத்துக்கு ஒரு மூலையில் விரல் நுழையும் அளவு இடைவெளி. அது போதும்.

வெப்பத்துக்கு எத்தனை வாட் என்பதைக் கணக்குப் போட்டே வாங்கலாம். இந்த அளவுத் தொட்டியின் மொத்தக் கண்ணாடிப் பரப்பு ஒரு சதுர மீட்டர் சொச்சம். அறை 12 டிகிரி, உள்ளே 27 வேண்டும் என்றால் வித்தியாசம் 15. வெறும் கண்ணாடியாக விட்டால் 85 வாட் வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பக்கம் ஒன்றை மட்டும் பார்ப்பதற்கு விட்டுவிட்டு மற்ற ஐந்து பக்கத்திலும் ஓர் அங்குலத் தெர்மாகோல் கட்டினால் 33 வாட்டில் முடிந்துவிடும். அதிலும் பாதிக்கு மேல் அந்த ஒரே கண்ணாடி வழியாகத்தான் போகிறது. அதனால் இரவில் முன்பக்கத்துக்கு ஒரு கம்பளித் துண்டைத் தொங்கவிடச் சொல்லிவிட்டேன். தெர்மாகோல் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும், உள்ளே வைத்தால் நண்டு பிய்த்துத் தின்றுவிடும்.

பல்பைத் தூக்கிவிட்டு, பல்லி, ஆமை வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் ஹீட்டிங் மேட், 20 வாட்டில் இரண்டு. இதை எங்கே ஒட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெட்டியில் உள்ள குறிப்பு தொட்டிக்கு அடியில் வைக்கச் சொல்கிறது. நண்டுக்கு அது ஆகாது. சூடு அதிகமானால் நண்டு கீழே தோண்டித்தான் தப்பிக்கும். கீழேயே அடுப்பு இருந்தால் எங்கே போகும்? தோல் உரிக்கிற நண்டு மணலுக்குள் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும், அடி மணல் காய்ந்தால் அதோடு முடிந்தது. ஆகவே பின்பக்கக் கண்ணாடியின் வெளியே, மணல் மட்டத்துக்கு மேலே ஒட்டினேன். மேட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் கார்க் தகடு ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தெர்மாகோல் 80 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். கட்டுப்பாட்டுக்கு இன்குபேட்டரில் போடும் அதே டிஜிட்டல் தெர்மோஸ்டாட், 27 டிகிரி, ஒரு டிகிரி இடைவெளி. அதற்குள் மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டு மேட் அணையாமல் ஓடுவதை இன்குபேட்டர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் 50 டிகிரியைத் தாண்டினால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-ஆஃப் ஒன்றை மேட்டின் மேலேயே தொடராக இணைத்தேன். அதன் விலை ஒரு டீயும் வடையும்.

மணல். ஆற்று மணல் சலித்து, கலங்கல் போகும் வரை கழுவியது ஐந்து பங்கு, தென்னை நார்த் தூள் ஒரு பங்கு. எம்-சாண்ட் வேண்டாம், கூர்மையானது, கல் தூள் வேறு இருக்கும். தென்னை நார்த் தூளில் சிலர் உரம் கலந்து விற்கிறார்கள், கலக்காததாகப் பார்த்து வாங்கி அதையும் இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கையில் பிடித்தால் பிடி கொழுக்கட்டை மாதிரி உடையாமல் நிற்க வேண்டும். பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. ஆழம், பெரிய நண்டின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு, எப்படியும் 15 செ.மீ.க்குக் குறையாமல். நான் 20 போட்டேன். அரை மூட்டைக்கு மேல் எடை வரும், மெல்லிய டீப்பாய் தாங்காது. அக்கா வீட்டுத் தேக்குப் பெஞ்சின் மேல் ஏற்றினோம்.

தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து மீன் கடையில் கிடைக்கும். உப்புத் தண்ணீருக்குக் கல்லுப்பு போதுமே என்று அக்கா கேட்டாள். உப்பளத்தில் சோடியம் குளோரைடுதான் படிகமாகிறது, மெக்னீசியம் மாதிரி மற்றவை பெரும்பாலும் எஞ்சிய நீரோடு வடிந்துவிடும். கடல் நீரில் இருப்பது எல்லாம் கல்லுப்பில் இருக்காது. கடல் மீன் தொட்டிக்கு விற்கும் உப்பு வாங்கி லிட்டருக்கு 35 கிராம் கலக்கினால் கடலின் உப்பு அளவு வந்துவிடும். இரண்டு கிண்ணத்திலும் மீன் தொட்டி ஏர் பம்பின் குழாயை விட்டுக் குமிழி ஓடவைத்தேன். தண்ணீர் கெடாது, மூடிய தொட்டிக்குள் ஈரமும் ஏறும். கண்ணாடி மூடியும் குமிழியும் சேர்ந்து இரண்டு நாளில் ஈரத்தை 80க்குக் கொண்டுவந்துவிட்டன. பம்பு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஒருவழி வால்வு போட வேண்டும். மின்சாரம் போனால் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்பில் இறங்கிவிடும்.

ஏறி விளையாட மரத்துண்டு வேண்டும். இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் கிடைப்பது பைன் மரமும் தைல மரமும்தான், இரண்டுமே ஆகாது. அவற்றின் பிசினும் தைலமும் இந்தப் பிராணிகளுக்குக் கெடுதல். ஒரு கொய்யாக் கிளையும் நான்கு கொட்டாங்குச்சியும் போட்டோம். அதே அறையில் கொசு மருந்து, தைல பாட்டில் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூச்சியைக் கொல்வது நண்டையும் கொல்லும், இரண்டும் கணுக்காலிகள்தான்.

வேலை நடக்கும்போது அக்கா மகன் கேட்ட கேள்வி இது: “மாமா, துறவின்னா தனியாத்தானே இருக்கணும்? இது மூணும் எப்பப் பாரு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்திருக்கு.”

பேர் வைத்தவர்கள் பார்த்தது சங்கை. குகைக்குள் தனியே அடைந்து கிடக்கும் துறவியின் நினைப்பு வந்திருக்கிறது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் இதே பெயர்தான், பிரெஞ்சுக்காரர்கள் ஒரு படி மேலே போய் ‘துறவி பெர்னார்’ என்று ஆளின் பெயரே கொடுத்துவிட்டார்கள். 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிவியலாளர் லின்னேயஸ் இரண்டு துறவி நண்டுகளுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது ஒன்றில் இந்தப் பெர்னார் வருகிறார். மற்றொன்றுக்கு டயோஜெனஸ். வீடு வாசல் வேண்டாம் என்று ஏதென்ஸ் நகரத்தில் ஒரு பெரிய மண் தாழிக்குள் குடியிருந்த கிரேக்க ஞானி அவர். நம் பட்டினத்தாருக்கு அவர் நல்ல கூட்டாளியாக இருந்திருப்பார்.

நில நண்டுகளுக்கு வைத்த பெயர் வேறு திசையில் போகிறது. 1829இல் கோயனோபைட்டா என்று வைத்தவர் லாத்ரேய் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர். அந்தச் சொல்லுக்கு மடத்தில் கூட்டமாக வாழும் துறவி என்று பொருள். தனித்துறவிக்கும் மடத்துத் துறவிக்கும் கிறிஸ்தவ மரபில் பெரிய வித்தியாசம் உண்டு, லாத்ரேய் தானே குருப்பட்டம் பெற்ற பாதிரியார். தெரியாமல் வைத்திருக்க மாட்டார். ஆக, மருமகன் தொட்டியைப் பார்த்துக் கேட்டதற்குப் பதில் பெயரிலேயே இருக்கிறது. ஒற்றை நண்டாக வளர்க்கக் கூடாது என்று வளர்ப்பவர்கள் சொல்வதும் இதனால்தான்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குக் காரணம் பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. இவற்றின் வயிற்றுப் பகுதி ஓடில்லாத மெத்தென்ற சதை, ஒரு பக்கமாக முறுக்கியது, நத்தைக் கூட்டின் சுருளுக்குள் பொருந்தும்படி. கூடு நத்தை செய்தது. நண்டுக்குச் செய்யத் தெரியாது. நண்டு கூட்டோடு ஒட்டியதல்ல, வளர வளரப் பெரிய கூட்டுக்கு மாறுகிறது என்பதை அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார். நிலத்தில் காலியான நல்ல கூடு அபூர்வம். இருப்பவற்றையும் தலைமுறை தலைமுறையாக நண்டுகளே உள்ளே குடைந்து, நடுத்தூணைத் தேய்த்து, எடை குறைத்து வைத்திருக்கும். கோஸ்டா ரிக்காவின் கடற்கரை நண்டுகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படிச் செப்பனிட்ட வீடு வேண்டுமென்றால் இன்னொரு நண்டிடமிருந்துதான் வர வேண்டும். அதனால் கூட்டம். ஒரு பெரிய கூடு காலியாகக் கிடைத்தால் நண்டுகள் அளவு வாரியாக வரிசைகட்டி நிற்பதும் உண்டு. முதல் நண்டு மாறியதும் அது விட்டதை அடுத்தது எடுக்கும், அதன் பழையதை அதற்கடுத்தது.

பழனி அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த அக்காவுக்கு இதைச் சொன்னதும், “இதென்னடா, கூடு விட்டுக் கூடு பாயுதா? துறவின்னு எதுக்கு, போகர் நண்டுன்னு வெச்சிருக்கலாம்” என்றாள். மூலன் என்ற இடையனின் உடலில் திருமூலர் புகுந்த கதையில் இறந்த உடலும் உண்டு, காலியாக விட்டுப்போன உடலும் உண்டு. நண்டின் கணக்கும் அதுதான், செத்த நத்தையின் வீடு. சித்தர்கள் வரிசையில் நின்று தள்ளிக்கொண்டதாக மட்டும் கதை இல்லை.

இதெல்லாம் தொட்டிக்கு எதற்கு என்றால், மாற்றுக் கூடு வைக்காத தொட்டியில் சண்டை வரும். ஒரு நண்டுக்குக் குறைந்தது மூன்று காலிக் கூடுகள், இப்போது இருப்பதற்குச் சமமானதும் சற்றுப் பெரியதுமாக. வாயின் அகலம் பெரிய கொடுக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும், வட்ட வாய் பிடிக்கும். செட்டோடு வந்த சிவப்பு, நீலப் பெயிண்ட் அடித்த கூடுகளைத் தூக்கிப் போட்டாயிற்று; பெயிண்ட் உரிந்து வயிற்றுக்குள் போகும். மலைமேல் கடற்சங்கு கிடைக்காதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. கீழே சமவெளித் தோட்டங்களில் தொல்லையாகிப் போன ஆப்பிரிக்கப் பெருநத்தையின் காலிக் கூடு நன்றாகப் பொருந்துகிறது. கடற்கரைகளில் இந்த நண்டுகள் அதைத் தாமாகவே எடுத்துப் போட்டுக்கொள்வதும் வழக்கம். வயல் நத்தைக் கூடும் ஆகும், ஆனால் மெல்லியது. வெறுங்கையால் தொடக் கூடாது, பெருநத்தையில் மனிதருக்கு ஆகாத புழு இருக்கலாம். கையுறை போட்டுக் கழுவி, உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியபின்தான் தொட்டிக்கு. வத்தலக்குண்டில் இருந்து நண்பர் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார். நடு அளவு நண்டு முதல் இரவிலேயே மாறிக்கொண்டது.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, தேங்காய், முருங்கைக் கீரை, உப்பிடாத கருவாடு, முட்டை ஓடு, எதுவும் தின்னும். கேரட்டும் முட்டைக்கோஸும் இங்கே தோட்டத்தில் இருந்தே வருகின்றன, மருந்து அடித்த காய்கறியாக இருந்தால் தோலைச் சீவிவிட்டுத்தான். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேட்டால் கணவாய் ஓடு கொடுப்பார்கள். ஒரு துண்டு போட்டுவைத்தால் சுரண்டிக்கொள்ளும்.

பெரிய நண்டு இப்போது மணலுக்குள் போய்விட்டது. செத்துப்போச்சா என்று தினமும் போன் வருகிறது. தோல் உரிக்கப் போனால் இப்படித்தான், உரித்த பழைய தோலையே தின்று தெம்பேற்றிக்கொண்டுதான் மேலே வரும். தோண்டிப் பார்த்தால்தான் செத்துப்போகலாம். அழுகிய மீன் நாற்றம் வராத வரை மணலில் கை வைக்கக் கூடாது.

இன்னும் நாலு நண்டு வாங்கலாமா என்று மருமகன் கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிலத்தில் வாழ்ந்தாலும் முட்டை பொரிய இவை கடலுக்குத்தான் போக வேண்டும். குஞ்சு சில வாரம் கடலில் மிதந்து, உருமாறி, ஒரு குட்டிக் கூட்டைத் தேடிக்கொண்டு கரையேறும். வீட்டுத் தொட்டியில் அதை நடத்திக்காட்டுவது மிகக் கடினம். கடையில் விற்கும் நண்டு ஏறக்குறைய எல்லாமே கரையில் பிடித்ததுதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வருடத்துக்கு மேலும் இருக்கும் பிராணி, அவனுக்குக் கல்யாணமாகி அவன் பிள்ளையும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இதன் நெருங்கிய சொந்தமான தேங்காய் நண்டு அந்தமான், நிகோபாரில் உண்டு. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, வைத்திருந்தாலே குற்றம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவுக்குள் எந்த நண்டையும் சங்கையும் எடுக்கக் கூடாது.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: பகலில் அறை வெப்பம் ஏறுவதால் மேட் பாதி நேரம் அணைந்தே இருக்கிறது, மாதத்துக்கு 15 முதல் 20 யூனிட்டுக்குள் அடங்கும்.

பாக்கி இருப்பது மின்வெட்டுக்கான ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இங்கே சில மணி நேரம் ஆகும், சில சமயம் மறுநாள்தான் வரும். தெர்மாகோல், கம்பளி, இத்தனை கிலோ ஈர மணல் எல்லாம் இருப்பதால் தொட்டி மணிக்கு ஒரு டிகிரி அளவுக்குத்தான் இறங்குகிறது, மெயினை அணைத்து அளந்து பார்த்தேன். ஓர் இரவுக்கு வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மணலின் மேல் ஒரு மூலையில் வைத்தால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் ஆகாது. வீட்டு இன்வெர்ட்டரில் இருந்து தொட்டிக்குத் தனி லைன் ஒன்று இழுக்க வேண்டும். 40 வாட்டும் ஒரு பம்பும்தானே, டிவிக்கு ஆகிற அளவுகூட இல்லை. அடுத்த வாரம் ஒயர் வாங்கிக்கொண்டு போகிறேன். அதற்குள் அக்கா அந்தப் பழைய பல்பை வேறெதற்காவது மாட்டிக்கொள்ளட்டும்.